ஏலம் கேட்பவர்களும் கேட்கப்படாதவர்களும்

நீண்ட பதிவு. இரண்டாம் வேற்றுமை பற்றிய இயலை முடித்துத் தரவேண்டிய வாரத்தில் கிரிக்கெட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பதை என் நெறியாளர் பொறுத்தருள வேண்டும். இரண்டாம் வேற்றுமையும் இதில் வருகிறது என்பதே என் சமாதானம்.

2025 செப்டம்பர் 6, ஹைதராபாத்தில் பிள்ளையார் கரைப்பு நாள். அன்று காலையில் இந்நகரம் முழுவதும் எதிர்பார்க்கும் செய்தி ஒன்று உண்டு: பாலாப்பூர் லட்டு எவ்வளவுக்குப் போயிற்று? பாலாப்பூர்ப் பிள்ளையாருக்குப் படைத்த 21 கிலோ லட்டை ஊர்வலத்தின்போது ஏலம் விடுவார்கள். 1994-இல் 450 ரூபாயில் தொடங்கிய வழக்கம் இது. 2024-இல் 30 லட்சத்து ஆயிரம் ரூபாய். 2025-இல் 35 லட்சம். விடுதியின் பொது அறையில் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்திலிருந்த தெலுங்கு நண்பர், “ஐ.பி.எல். ஏலம் மாதிரியே இருக்கிறது” என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அறைக்குத் திரும்பிய பிறகுதான் அந்தச் சிரிப்பு உறுத்தத் தொடங்கியது. பத்து மாதங்களுக்கு முன் அதே அறையில், அதே நாற்காலிகளில் அமர்ந்து, நாங்கள் மனிதர்களின் ஏலத்தைப் பார்த்திருந்தோம். அன்றும் இதே ஆரவாரம். ஏறக்குறைய இதே சொற்கள்.

அது 2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. சவூதி அரேபியாவின் ஜித்தா நகரில் ஐ.பி.எல். பெரு ஏலம். 1,574 வீரர்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். அவர்களிலிருந்து 577 பேர் கொண்ட பட்டியல் வெளியானது. இரண்டு நாள் முடிவில் விலை கூறப்பட்டு அணி சேர்ந்தவர்கள் 182 பேர். அவர்களுக்காக அணிகள் செலவிட்ட தொகை 639 கோடிக்கும் மேல். ரிஷப் பந்தை லக்னோ அணி 27 கோடிக்கு எடுத்தபோது எங்கள் அறையில் எழுந்த ஓசையில் காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அறையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆய்வு மாணவர்கள். ஆகவே வாதங்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் பொருளியல் பேசினார்: ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி என்ற ஒரே உச்சவரம்பு இருப்பதால்தான் பணக்கார முதலாளி எல்லாரையும் வாரிக்கொள்ள முடியவில்லை, ஆகவே ஏலம் நியாயமானது. இன்னொருவர் மறுத்தார்: ஆறு பேர் வரை தக்கவைத்துக்கொள்ள அனுமதித்த பிறகு எங்கே சமநிலை? எல்லாரையும் விடுவித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நியாயம். மூன்றாமவர் வரலாறு பேசினார்: ஓர் இளைஞனை மூன்றாண்டு வளர்த்த அணிக்கு அவன்மேல் உரிமை இல்லையா? அன்று ‘நியாயம்’ என்ற சொல் நான்கு மொழிகளில் எத்தனை முறை ஒலித்தது என்று எண்ணியிருந்தால் நல்ல தரவு கிடைத்திருக்கும்.

அந்த வாதங்களுக்கு நடுவே இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று முகமது சிராஜ், இன்னொன்று நடராஜன். சிராஜ் இந்நகரத்துப் பிள்ளை, ஆட்டோ ஓட்டுநரின் மகன். நடராஜன் என் மாவட்டத்துக்காரர்; சேலத்துக்கு மேற்கே சின்னப்பம்பட்டி. இருவருக்கும் ஐ.பி.எல். கதவு திறந்தது ஒரே நாளில், 2017 பிப்ரவரி ஏலத்தில். 20 லட்ச அடிப்படை விலையில் இருந்த சிராஜை அவர் ஊர் அணியான ஹைதராபாத் 2.6 கோடிக்கு எடுத்தது. 10 லட்சத்தில் தொடங்கிய நடராஜனைப் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. அடுத்த ஆண்டே காட்சி மாறியது. சிராஜ் பெங்களூருக்குப் போனார். நடராஜன் 40 லட்சத்துக்கு ஹைதராபாத்துக்கு வந்தார். ஓராண்டுக்குள் அவருடைய விலை எட்டில் ஒரு பங்குக்கு அருகில் இறங்கியிருந்தது. தோள் அதே தோள்தான்.

2024-ஆம் ஆண்டின் அந்த ஞாயிறன்று சிராஜை 12.25 கோடிக்குக் குஜராத் எடுத்தது. அறையில் ஒரு பெருமூச்சு. “எங்கள் ஊர்ப் பையன், எங்கள் அணியில் இல்லை” என்றார் தெலுங்கு நண்பர். இது அவர் ஒருவரின் குறையன்று. ஹைதராபாத் அணியில் உள்ளூர் வீரர்கள் இல்லை என்று 2021-இல் இந்நகரத்துச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரே வெளிப்படையாகக் கண்டித்தார். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்திலும் அதே குரல் எழுந்தது: தமிழ் வீரர்களுக்கு இடம் தராத சென்னை அணியைத் தடை செய்ய வேண்டும் என்று ஓர் உறுப்பினர் கோரினார். ஆக, ரசிகர்களின் நியாய உணர்வில் இரண்டு கிளைகளைக் காணலாம். ஒன்று, அணிகளுக்கு இடையிலான நியாயம்: எல்லாருக்கும் சம வாய்ப்பு. மற்றொன்று, மண்ணுக்கான நியாயம்: எங்கள் பிள்ளை எங்களுக்கே. இரண்டையும் நான் மதிக்கிறேன். இரண்டிலும் நானே பல மாலைகள் வாதாடியிருக்கிறேன்.

சிறிது நேரத்தில் நடராஜனை டெல்லி எடுத்தது. 10.75 கோடி. நான் எழுந்து நின்று கைதட்டினேன். அடுத்த கணம் தொலைபேசி ஒலித்தது. ஊரிலிருந்து என் சித்தப்பா மகன்.

“அண்ணா, நம்ம நடராஜன் அண்ணன யாருண்ணா எடுத்தாங்க? இங்க கரண்ட் போயிருச்சு.”

“டெல்லிடா. பத்தே முக்கால் கோடி!”

அவன் சற்று நேரம் பேசவில்லை. “டெல்லியா? ஏழு வருசமா ஐதராபாத்துல இருந்தாரு. அங்க அவருக்கு யாரண்ணா தெரியும்?”

நான் மறுபடியும் தொகையைச் சொன்னேன். அவன் “சரிங்ண்ணா” என்று வைத்துவிட்டான்.

அன்று அறையில் இருபது பேர் நான்கு மணி நேரம் நியாயத்தைப் பற்றிப் பேசினோம். அந்தக் கேள்வியை எங்களில் ஒருவரும் எழுப்பவில்லை. அதைக் கேட்டவன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஏன் எங்களுக்கு அது தோன்றவில்லை? விடையின் ஒரு பகுதி என் துறைக்குள் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

‘ஏலம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். மலையாளத்தில் லேலம், தெலுங்கில் வேலம், இந்தியில் நீலாம். போர்த்துகீசிய வணிகரோடு வந்த சொல் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. பெயர்ச்சொல் கடல் கடந்து வந்தது. அதனோடு சேரும் வினைகளை ஒவ்வொரு மொழியும் தன் வீட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்தது. தெலுங்கில் விலை கேட்பவர் ஏலம் ‘பாடுகிறார்’. பாலாப்பூரில் நடப்பது அவர்களுக்கு ஒரு பாட்டு. தமிழில் பொருளுக்கு உரியவர் ஏலம் ‘விடுகிறார்’. நடத்துபவர் ஏலம் ‘கூறுகிறார்’. வாங்க வந்தவர் ஏலம் ‘கேட்கிறார்’. வென்றவர் ஏலம் ‘எடுக்கிறார்’. பொருள் ஏலம் ‘போகிறது’. ஐந்து வினைகள், நான்கு எழுவாய்கள் மனிதர்கள், ஐந்தாவது பொருள். அந்த ஐந்தாவது இடத்தில்தான் வீரர் நிற்கிறார்.

‘கேள்’ என்ற வினை தமிழில் மூன்று வேலைகளைச் செய்கிறது: வினவுதல், வேண்டுதல், செவிமடுத்தல். ஏலக் கூடத்தில் பத்து மேசைகளும் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. ஒரு மேசை ஐந்து கோடி கேட்கிறது, இன்னொன்று ஆறு கேட்கிறது. கேட்கப்படாத ஒருவர், அந்த மூன்று பொருளிலும் கேட்கப்படாதவர், யாருக்காக அந்தக் கூடம் கூடியதோ அவர்தான்.

‘போ’ என்ற வினை இன்னும் நுட்பமான வேலையைச் செய்கிறது. “நடராஜன் 10.75 கோடிக்குப் போனார்” என்கிறோம். சென்னைக்குப் போனார், சந்தைக்குப் போனார் என்பது போலவே இருக்கிறது. செய்வினை, உயர்திணை எழுவாய், மரியாதை விகுதி. அவரே முடிவெடுத்து நடந்து போனது போன்ற தோற்றம். அனுப்பியவரும் வாங்கியவரும் வாக்கியத்தில் இல்லை. அதே வினை இன்னொரு வழக்கிலும் உண்டு. ஓர் அரசியல்வாதியைப் பற்றி “விலைபோய்விட்டார்” என்றால் அது வசை. “விலைபோகாதவர்” என்றால் அது புகழ். விளையாட்டுச் செய்தியில் மட்டும் இது தலைகீழாகிறது. விலைபோகாத வீரரே அங்கே இரங்கத்தக்கவர். 2025-ஆம் ஆண்டு புரோ கபடி ஏலத்தில், அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்த ரெய்டர் பர்தீப் நர்வாலை எந்த அணியும் கேட்கவில்லை. அவர் ஓய்வை அறிவித்தார். ‘விலைபோகாதவர்’ என்று தலைப்பிட எந்தத் தமிழ் நாளிதழுக்கும் மனம் வந்திருக்காது. ஆனால் பொருள் அதுதான்.

இப்போது இரண்டாம் வேற்றுமைக்கு வருகிறேன். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்கும்போதே மக்களை உயர்திணை என்றும் மற்றவற்றை அஃறிணை என்றும் பிரித்துவிடுகிறது. அந்தப் பிரிவு நம் வாக்கியங்களின் எலும்புக்குள் இன்றும் இருக்கிறது. “லட்டு வாங்கினார்” என்று ‘ஐ’ உருபு இல்லாமல் சொல்லலாம். “நடராஜன் வாங்கினார்கள்” என்று சொல்ல முடியாது. ‘நடராஜனை’ என்றே ஆகவேண்டும். மனிதர் செயப்படுபொருளாகும்போது உருபு வெளிப்பட்டு, “கவனி, இது ஆள்” என்று சொல்கிறது. ஆனால் சில இடங்களில் மனிதருக்கும் அந்த உருபு உதிர்கிறது: பெண் பார்த்தார்கள், மாப்பிள்ளை தேடினார்கள், ஆள் எடுத்தார்கள். குறிப்பிட்ட ஒருவரைத் தேடாமல் ஓர் இடத்தை நிரப்பத் தேடும்போது இப்படி நேர்கிறது. அன்று எங்கள் அறையில் ஒலித்த தமிழை நினைத்துப் பார்த்தேன். “ரெண்டு பௌலர் எடுக்கணும்.” “ஒரு கீப்பர் வாங்கணும்.” எங்கும் உருபு இல்லை. தம்பி கேட்டது “நடராஜன் அண்ணன யாருண்ணா எடுத்தாங்க” என்று. பேச்சில் தேய்ந்திருந்தாலும் அந்த ‘ஐ’ அவன் வாக்கியத்தில் இருந்தது.

இலக்கணத்தை வைத்து மனிதர்களின் அறத்தை அளக்கக் கூடாது என்பதை அறிவேன். உருபு தொகுவது குற்றமன்று, மொழியின் இயல்பு. ஆயினும் என் சொந்த வாக்கியம் ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். 2022-இல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. அப்போது அதுவே கபடியில் உச்ச விலை. அக்டோபரில் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே அவருடைய முழங்காலில் காயம். தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. அந்தக் காட்சியைப் பார்த்த கணத்தில் என் வாயிலிருந்து வந்த சொற்கள்: “ஐயோ, ரெண்டே கால் கோடி போச்சே!” முழங்கால் போனது எனக்கு இரண்டாவதாகத்தான் தோன்றியது. யாருடைய கோடி அது? என்னுடையதன்று. என் கையிலிருந்து ஒரு ரூபாயும் போகவில்லை. போனது அவருடைய ஓராண்டு. மறு ஆண்டு இந்நகரத்து அணியான தெலுகு டைட்டன்ஸ் அவரை 2.605 கோடிக்கு எடுத்தபோது நான் வாழ்த்தவில்லை. “அங்கே போய் ஆடுகிறானே” என்று முணுமுணுத்தேன். மரியாதை விகுதியும் போய்விட்டது.

எதிர்வாதத்தை நேர்மையாக வைக்க வேண்டும். ஏலத்துக்கு வீரர்கள் தாமே பெயர் கொடுக்கிறார்கள். அடிப்படை விலையைக் குறிப்பவரும் அவர்களே. கிடைப்பது சிறு தொகையன்று. ஏலம் இல்லாதிருந்தால் நடராஜனை யார் கண்டிருப்பார்? அப்பா தறியில் கூலி வேலை, அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை. 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீகில் திண்டுக்கல் அணிக்காக அவர் வீசிய யார்க்கர்கள் அவரைக் காட்டிக்கொடுத்தன, ஏலம் தூக்கிவிட்டது. தேர்வுக் குழுவின் மூடிய அறையில் பரிந்துரையும் பழக்கமும் பேசிய காலத்தோடு ஒப்பிட்டால், திறந்த கூடத்தில் பத்து அணிகள் போட்டியிடுவது மேலானதே. அந்தப் பணத்தில் அவர் சின்னப்பம்பட்டியில் ஒரு மைதானம் கட்டினார். 2023-இல் அது திறக்கப்பட்டது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் புல்தரையில் விழுந்து பந்து பிடித்தது அதற்குப் பிறகுதான். இந்த நன்மையை மறைத்துவிட்டு ஏலத்தைப் பழிப்பது ஆய்வாளனுக்கு அழகன்று.

ஆனால் “தாமே பெயர் கொடுக்கிறார்கள்” என்பதன் எல்லையையும் பார்க்க வேண்டும். பெயர் கொடுத்த பிறகு எந்த ஊர், எந்தப் பயிற்சியாளர், எத்தனை ஆட்டம் என்பதில் வீரருக்குச் சொல் இல்லை. ரவீந்திர ஜடேஜா வேறு அணியோடு நேரடியாக ஒப்பந்தம் பேச முயன்றார் என்பதற்காக 2010 பருவம் முழுவதும் தடை செய்யப்பட்டார். பல்கலைக்கழகப் பணியில் இருக்கும் ஒருவர் இன்னொரு பல்கலைக்கழகத்தோடு பேசினால் அதற்குப் பெயர் நேர்காணல். ஏலத்தில் எடுக்கப்பட்ட பின் தக்க காரணமின்றி விலகுபவருக்கு இரண்டு பருவத் தடை என்பது இப்போதைய விதி. 2025 மார்ச்சில் இங்கிலாந்தின் ஹாரி புரூக் அதற்கு ஆளானார். கடைசி நேரத்தில் கைவிடப்படும் அணியின் இழப்பு எனக்குப் புரிகிறது. அந்தச் செய்தியின்கீழ் நம்மவர் எழுதியவற்றையும் படித்தேன். “வாங்கிய பொருள் ஓடிவிட்டது” என்ற தொனியே மிகுதி.

“அப்படியானால் ஏலம் வேண்டாம், வரிசைத் தேர்வு வரட்டும்” என்று சில நண்பர்கள் சொல்வார்கள். டிராஃப்ட் என்று உலகம் அழைக்கும் முறை அது. அமெரிக்கக் கால்பந்தில் 1936 முதல் இருக்கிறது. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் 1986-இல் வந்தது. மெல்பர்னில் ஓராண்டு தங்கி ஆய்வு செய்து திரும்பிய தோழி ஒருவர் வழியாக அதைப் பற்றி அறிந்தேன். கடைசி இடம் பெற்ற கழகம் முதலில் தேர்ந்தெடுக்கும். வென்ற கழகம் கடைசியில். பதினெட்டு வயது நிரம்பும் இளைஞர்களைக் கழகங்கள் வரிசையாக எடுத்துக்கொள்ளும். விலைப்பலகை இல்லை, கூச்சல் இல்லை. நலிந்தவருக்கு முதல் பந்தி. கேட்கும்போது மிக நியாயமாக இருக்கிறது.

ஆனால் அங்கும் ரசிகர்கள் ஓயாமல் வாதாடுகிறார்கள். கடைசி இடத்துக்குப் பரிசு உண்டு என்றால் வெல்லாமல் இருக்க ஆசை வராதா? 2009 பருவத்தில் நடந்தவற்றுக்காக மெல்பர்ன் கழகத்துக்கு 2013-இல் 5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கழகம் வேண்டுமென்றே தோற்றது என்ற முடிவுக்கு விசாரணை வரவில்லை. ஆயினும் போட்டியின் நலனுக்கு ஊறு செய்ததாக இருவர் தண்டிக்கப்பட்டனர். தந்தை ஆடிய கழகத்துக்கு மகன்மேல் முன்னுரிமை தரும் விதி ஒன்று உண்டு. அது நியாயமா என்பது அங்கே முடிவடையாத வழக்கு. ‘எங்கள் பிள்ளை எங்களுக்கே’ என்ற நம் குரலின் ஆஸ்திரேலிய வடிவம் அது. மேற்குக் கரையில் பெர்த்தில் வளர்ந்த பிள்ளையைக் கிழக்குக் கரையின் பிரிஸ்பேன் தேர்ந்தெடுத்தால், அவன் கண்டத்தைக் கடந்து போகவேண்டும். நம் தம்பியின் கேள்வி அங்கும் பொருந்தும்: அங்க அவனுக்கு யாரத் தெரியும்?

நம் நாட்டிலும் வரிசைத் தேர்வு இருந்திருக்கிறது. 2008-இல், ஐ.பி.எல். தொடங்கியபோது, பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணியின் வீரர்களை ஏலத்தில் விடாமல் வரிசைத் தேர்வில்தான் பகிர்ந்தார்கள். டெல்லி அணி தன் ஊர்ப் பிள்ளை விராட் கோலியை விட்டுவிட்டுப் பிரதீப் சங்வானை எடுத்தது. கோலி பெங்களூருக்குப் போனார். தமிழ்நாடு பிரீமியர் லீகிலும் தொடக்கத்தில் வரிசைத் தேர்வுதான். 2023-இல் முதன்முறையாக ஏலத்துக்கு மாறினார்கள். அந்த ஏலத்தில் சாய் சுதர்சனைக் கோவை அணி 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அப்போது ஐ.பி.எல்.லில் குஜராத் அணி அவருக்குக் குறித்திருந்த விலை 20 லட்சம். மாநிலப் போட்டியின் விலை நாடு தழுவிய போட்டியின் விலையை மிஞ்சியது என்று வியந்தோம். மட்டை ஒன்றே, ஆடும் கையும் ஒன்றே. விலை வீரரை அளப்பதில்லை. அந்த மணி நேரத்தில் அந்த மேசைகளின் தேவையை அளக்கிறது.

ஆக, ஏலமா வரிசைத் தேர்வா என்ற வாதத்தில் நான் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. இரண்டும் பங்கிடும் முறைகள். பங்கு பெறுவோருக்கிடையே நியாயம் செய்வதே இரண்டின் நோக்கம். பங்கிடப்படுபவருக்கான நியாயம் வேறொரு கேள்வி. அந்தக் கேள்வியில் ஆஸ்திரேலியா நம்மைவிட முன்னே இருப்பதற்குக் காரணம் தேர்வு முறையன்று. அங்கே வீரர்களுக்கு 1973 முதல் ஒரு சங்கம் இருக்கிறது. ஊதியமும் ஓய்வும் அதனோடு பேசித்தான் முடிவாகின்றன. போதிய ஆண்டுகள் ஒரு கழகத்தில் ஆடியவர் தம் விருப்பப்படி இடம் மாறும் உரிமை 2012-இல் வந்தது. அங்கும் எல்லாம் நலமன்று. டேனி ஃப்ராலி, ஷேன் டக் ஆகிய முன்னாள் வீரர்களின் மூளையில் தொடர் அடிகளால் வரும் சிதைவு இருந்தது அவர்கள் இறந்த பின்பே உறுதியாயிற்று. ஆனால் அந்த வலியைப் பற்றிப் பேச அங்கே ஓர் அமைப்பாவது இருக்கிறது. நம் நாட்டில் லோதா குழுவின் பரிந்துரையை ஒட்டி 2019-இல் உருவான இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமே. இன்று ஆடிக்கொண்டிருப்பவருக்கு, பேரம் பேசும் சங்கம் எதுவும் இல்லை.

2020 நவம்பரை நினைத்துக்கொள்கிறேன். நவம்பர் 6 அன்று அபுதாபியில் நடராஜன் யார்க்கர் ஒன்றில் டி வில்லியர்ஸின் குச்சிகளைச் சாய்த்தார். அதே நாளில்தான் ஊரில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அங்கிருந்தே ஆஸ்திரேலியா போனார். சனவரியில் திரும்பிய பிறகே மகளைக் கண்டார். அதே பயணத்தில் நவம்பர் 20 அன்று சிராஜின் தந்தை இந்நகரத்தில் இறந்தார். சிராஜ் ஆஸ்திரேலியாவிலேயே தங்கி ஆடினார். ஊர் திரும்பிய நாளில் விமான நிலையத்திலிருந்து நேரே தந்தையின் அடக்கத்தலத்துக்குப் போனார். அவை அவர்களே எடுத்த முடிவுகள். நான் குறை சொல்ல வரவில்லை. பிரிஸ்பேனில் இருவரும் விக்கெட் எடுத்ததை நாம் எல்லாரும் கொண்டாடினோம். அந்த விக்கெட்டுகளுக்கு ஈடாக இருவரும் விட்டுக்கொடுத்தது எந்த ஏலப் பலகையிலும் ஏறியதில்லை.

ஜித்தா ஏலத்தின் இரண்டாம் நாளில் வைபவ் சூர்யவன்ஷியை ராஜஸ்தான் அணி 1.10 கோடிக்கு எடுத்தது. வயது பதின்மூன்று. ஆறு மாதங்களுக்குள் அவன் 35 பந்துகளில் நூறு அடித்தான். எல்லாரையும் போல நானும் வியந்தேன். மறுநாள் தம்பியிடம் பேசியபோது அவன், “அந்தப் பையனுக்கு வலிச்சா யாருகிட்டண்ணா சொல்லுவான்?” என்றான்.

அவன் இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பத்தொன்பது வயதில் அவன் நல்ல வேகப் பந்து வீச்சாளன். பயிற்சி பெற்ற இடத்தில் நாள்தோறும் வீசச் சொன்னார்கள், வீசினான். இடுப்புக்கு மேலே வலி தொடங்கியது. இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்ற அச்சம். பிறகு எடுத்த படத்தில் முதுகெலும்பில் விரிசல். எலும்பு கூடிவிட்டது, பழைய வேகம் திரும்பவில்லை. அவனுக்கு எந்த ஏலத்திலும் விலை கூறப்படவில்லை. ஏலத்துக்கு வெளியே நின்றவனையே விலையைப் பற்றிய அச்சம் இவ்வளவு ஊமையாக்கியது என்றால், விலை கூறப்பட்டவர்கள் எத்தனை வலிகளை விழுங்கிக்கொண்டு நிற்பார்கள்?

இந்தப் பதிவால் எந்த விதியும் மாறப்போவதில்லை என்பதை அறிவேன். ஆனால் நம் பேச்சு நம் கையில் இருக்கிறது. இதைப் படிப்பவர்களில் சட்டம் பயில்பவர்கள், தொழிலாளர் உறவு பயில்பவர்கள், உடலியக்கவியல் பயில்பவர்கள் இருக்கிறீர்கள். ஆடும் வீரர்களுக்குச் சங்கம் ஏன் இல்லை, பதினெட்டுக்குக் கீழுள்ளவரின் படிப்புக்கும் பந்து வீசும் அளவுக்கும் யார் பொறுப்பு, சில ஆண்டுகள் ஆடிய பின் வீரர் தம் ஊரைத் தாமே தேர்ந்தெடுக்க ஏன் வழியில்லை என்பவை ஆய்வுக்குரிய கேள்விகள். ‘யாருக்கு யார் கிடைத்தார்’ என்பதற்கு நாம் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு இவற்றுக்குப் போதும்.

தம்பி இப்போது தறி வேலை முடிந்த மாலைகளில் எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுக்கிறான். சென்ற பொங்கலுக்குப் போயிருந்தபோது ஓரமாக நின்று பார்த்தேன். பந்தைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒவ்வொருவனையும் நிறுத்தி, “எங்கயாச்சும் வலிக்குதாடா?” என்று கேட்கிறான். இல்லை என்று தலையாட்டினால் விடுவதில்லை. “வாயத் தொறந்து சொல்லு” என்கிறான்.

பின்குறிப்பு: தெலுங்கு வழக்கைப் பற்றி நான் எழுதியது விடுதி நண்பர்களிடம் கேட்டறிந்தது. ராயலசீமையிலோ கடலோர ஆந்திரத்திலோ ஏலத்துக்கு வேறு வினைகள் வழங்கினால் தெரிவியுங்கள். ‘ஏலம் கேள்’ என்பதற்கு ஈழத்திலும் குமரி மாவட்டத்திலும் மாற்று வழக்கு உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன். இயலில் சேர்த்துக்கொள்கிறேன், நெறியாளரும் சற்று ஆறுதல் அடைவார்.